பினாங்கிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

பினாங்கிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம் என்று பட்டணத்துப் பிள்ளை ஒருவனைக் கேட்டுப் பாருங்கள். கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, "2,365 கிலோமீட்டர்" என்பான். டிக்கெட் விற்கும் கடையில் கேளுங்கள். "நாலு மணி நேரம்தான். ஏறி உட்கார்ந்தால் இறங்க வேண்டியதுதான்" என்பார்கள். ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்து, இன்று பேரப்பிள்ளைகளோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியைக் கேளுங்கள். அவர் மைலும் சொல்ல மாட்டார். மணியும் சொல்ல மாட்டார். "எங்கப்பா அங்கேயிருந்து வந்தவரு. திரும்பிப் போகவே இல்லை. அம்புட்டுத் தூரம்" என்பார்.

மூன்று விடையும் சரியானவையே. மைல் கணக்கு ஒன்று, மணிக் கணக்கு ஒன்று, மனிதக் கணக்கு ஒன்று. மலேசியத் தமிழர்களாகிய நமக்கு இந்த மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து தெரியும் ஊர் பினாங்குதான். வாருங்கள், மூன்று கணக்கையும் போட்டுப் பார்ப்போம்.

உருண்டையில் ஒரு நூல்

பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் உலக உருண்டை இருக்குமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பினாங்கின் மேல் ஒரு நூலின் நுனியை வைத்து, மறு நுனியைச் சென்னையின் மேல் இழுத்துப் பிடியுங்கள். நூல் விறைப்பாக நிற்கும் அந்த வழிதான் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள மிகக் குறுகிய வழி. விமானத் தூரம் என்று சொல்வது இதைத்தான். பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து சென்னை மீனம்பாக்கம் வரை அது சுமார் 2,365 கிலோமீட்டர். பழைய கணக்கில் 1,470 மைல். மாலுமிகளும் விமானிகளும் பயன்படுத்தும் கடல் மைலில் சொன்னால் 1,277. ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்.

அந்த நூல் எங்கெங்கே போகிறது என்று கவனியுங்கள். பினாங்கை விட்டு வடமேற்கே போகிறது. சுமத்திராவின் வடமுனையைத் தெற்கே ஒதுக்கிவிட்டு அந்தமான் கடலைக் கடக்கிறது. வழியில் மூன்றில் ஒரு பங்கு தாண்டியதும் நிக்கோபார் தீவுகள் வருகின்றன. அதற்கப்புறம் சென்னைக் கரை வரையில் வங்காள விரிகுடாவின் வெறும் தண்ணீர்தான்.

இது பெரிய தூரமா? நம் நாட்டுக்குள்ளேயே பினாங்கிலிருந்து கோத்தா கினபாலுவுக்கு 1,750 கிலோமீட்டர் இருக்கிறது. அதோடு இன்னும் அறுநூறு சேர்த்தால் சென்னை வந்துவிடும். கோலாலம்பூர் விமான நிலையத்திலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். அதாவது தலைநகரில் இருப்பவரைவிடப் பினாங்கில் இருப்பவர் 265 கிலோமீட்டர் சென்னைக்குப் பக்கத்தில் இருக்கிறார். மலாக்கா நீரிணையின் வடக்கு வாயில் பினாங்கு. சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல் இந்த நாட்டில் முதலில் தொடும் பெரிய துறைமுகம் அதுதான். இந்த 265 கிலோமீட்டர் வித்தியாசம் நம்மவர் சரித்திரத்தில் பெரிய வேலை செய்திருக்கிறது.

காற்று போட்ட கணக்கு

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் நின்று வடக்கே பாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் கெடா மாநிலத்து ஜெராய் மலை நீலமாகத் தெரியும். உயரம் 1,217 மீட்டர். கலங்கரை விளக்கங்கள் இல்லாத காலத்தில், வங்கக் கடலைக் கடந்து வந்த மாலுமிகளுக்கு அந்த மலைதான் அடையாளம். அதன் அடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே பழைய கோயில்களின் அடித்தளங்கள் கிடைத்திருக்கின்றன. நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் நாடு இந்தப் பக்கம்தான். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கி.பி. 1025-இல் வந்தது இங்கேதான்.

அந்தக் காலத்தில் தூரத்தை நாள் கணக்கில் சொல்ல முடியாது. பருவக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பாய்மரக் கப்பல் தமிழகக் கரையிலிருந்து கிழக்கே வரலாம். வடகிழக்குக் காற்று திரும்பியதும் மேற்கே போகலாம். காற்று மாறும்வரை வந்த இடத்தில் தங்கியிருக்க வேண்டும். சரக்கு கொண்டு வந்தவர்கள் மாதக் கணக்கில் காத்திருந்த இடங்களில்தான் கடைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் குடும்பங்களும் உண்டாயின. திரும்பிப் போகத் தாமதமானவர்களால் ஊர்கள் பிறந்தன என்று சொன்னால் தவறில்லை.

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய பிறகு, இந்தக் கப்பல் போக்குவரத்து ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பியது. சூலியா ஸ்திரீட்டின் பெயரே அதற்குச் சாட்சி. சூலியர் என்பது சோழமண்டலக் கரைத் தமிழ் முஸ்லிம்களுக்கு அன்று வழங்கிய பெயர். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் 1801-ஆம் ஆண்டு தொடங்கியது. நாகூர் ஆண்டவரின் பெயரில் ஒரு தர்காவும் அருகிலேயே இருக்கிறது. கடல் பிரயாணத்தில் காப்பாற்றுபவர் என்று நாகூர்க் கரை மக்கள் நம்பியவர், கடல் தாண்டியும் அவர்களோடு வந்துவிட்டார். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833-இல் எழுந்தது. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் கடைக்காரர்களும் கும்பிட்ட கோயில் அது. பள்ளிவாசல், தர்கா, அம்மன் கோயில் மூன்றையும் அரைமணி நேர நடையில் பார்த்துவிடலாம். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் நடுப்பகுதி அது.

கப்பல் கணக்கு

பிறகு நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்காகக் காத்திருக்கும் வேலை போயிற்று. பருவம் நாளாகச் சுருங்கியது.

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கு நேர்வழியில் சுமார் 1,260 கடல் மைல். நம் பெரியவர்கள் பேர் சொல்லிப் பேசும் ரஜுலா கப்பல் மணிக்கு 13 கடல் மைல் வேகத்தில் ஓடியது. வகுத்துப் பாருங்கள்: இரவு பகலாக நான்கு நாள். சென்னையில் ஏறுபவருக்கு நாகப்பட்டினத்தில் கப்பல் நிற்கும் நேரத்தையும் சேர்த்து ஐந்தாறு நாள் ஆகிவிடும். நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வர முடியாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். மூட்டை முடிச்சுகளோடும் கைக்குழந்தைகளோடும் படகில் போய், அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு ஏற வேண்டும்.

1926-இல் கட்டப்பட்ட ரஜுலா, 1973 வரை இந்தக் கடலில் ஓடியது. தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு அனுமதி இருந்தது. டெக் பிரயாணி என்றால் அறையோ கட்டிலோ கிடையாது. பாயை விரித்த இடம்தான் வீடு. ஒரு குடும்பத்தின் பாய்க்கும் அடுத்த குடும்பத்தின் பாய்க்கும் இடையே தகரப் பெட்டிதான் சுவர்.

கங்காணிமார் அழைத்து வந்த தோட்டப் பாட்டாளிகளின் கப்பல் செலவை, 1907-இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. தோட்ட முதலாளிகள் கட்டிய பணம் அது. வருவதற்குக் காசு வேண்டியதில்லை. திரும்பிப் போவதுதான் கடினம். குறைந்த கூலியில் மிச்சம் பிடித்து, துரையிடம் லீவு வாங்கி, கப்பல் வரும் நாள் பார்த்து, போக ஒரு வாரம், வர ஒரு வாரம் என்று கணக்குப் போட்டால், எத்தனை பேரால் முடியும்?

வந்து சேர்ந்தாலும் பிரயாணம் முடிந்ததாகாது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையில் ஜெரெஜாக் என்ற சிறு தீவு இருக்கிறது. பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே பச்சையாகத் தெரியும். தொற்றுநோய் பரவாமலிருக்க, கப்பலில் வந்தவர்களை அங்கே இறக்கித் தங்கவைத்துச் சோதித்த பிறகே வெளியே விட்டார்கள். எதிரே கரை தெரியும், போக முடியாது. கடலில் பட்டது போதாதென்று கரையைப் பார்த்துக்கொண்டே சில நாள்.

அதற்குப் பின் படகேறிப் பிறைக்கு, அங்கிருந்து ரயில் அல்லது லாரி, கடைசியில் தோட்டம். ஜார்ஜ்டவுன் கடற்கரையில் மணிக்கூண்டோடு நிற்கும் பழைய ரயில்வே கட்டடத்தை இன்றும் காணலாம். 1907-இல் கட்டியது. தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் என்று அதை வேடிக்கையாகச் சொல்வார்கள். டிக்கெட்டை அங்கே வாங்கிக்கொண்டு, படகில் அக்கரை போய்த்தான் ரயிலைப் பார்க்க வேண்டும்.

1938-இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகையில் பாட்டாளிகளை அனுப்புவதைத் தடை செய்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கில் குண்டு போட்டார்கள். அதன்பின் மூன்றரை ஆண்டுக்கு மேல் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. அந்த ஆண்டுகளில் தூரம் எத்தனை மைல் என்று கேட்டால், அளவே இல்லை என்பதுதான் விடை.

தந்தி முந்தியது

இங்கே ஒரு விஷயத்தை நாம் நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டும்.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்டது 1870-ஆம் ஆண்டு வாக்கில். 1871 தொடக்கத்தில் அது சிங்கப்பூரையும் எட்டிவிட்டது. அன்று முதல் செய்தி ஒரே நாளில் கடல் தாண்டியது. மனிதன் தாண்டுவதற்கு மட்டும் ஒரு வாரம் ஆனது.

இதன் பொருள் என்ன? ஊரில் தாயார் கண் மூடினால், தந்தி மறுநாள் தோட்டத்து ஆபீசுக்கு வந்துவிடும். கிராணி வாசித்துச் சொல்வார். மகன் அன்றே புறப்பட்டாலும், கப்பல் தயாராக நின்றிருந்தாலும், பத்தாம் நாள் காரியத்துக்குப் போய்ச் சேர்வதே சந்தேகம். கப்பலோ தினமும் புறப்படுவதில்லை. ஆகவே போகவில்லை. லயத்து வாசலில் உட்கார்ந்து அழுதார்கள். பக்கத்து வீட்டார் வந்து கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஆற்றங்கரையில் தலை முழுகினார்கள். மறுநாள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனார்கள்.

செய்தி வேகமாகவும் மனிதன் மெதுவாகவும் போன அந்தக் காலம் ஏறக்குறைய நூறு வருஷம் நீடித்தது. நம் மூத்த தலைமுறை தந்திக்காரனைக் கண்டால் நடுங்கியது ஏன் என்று இளையவர்கள் கேட்கிறார்கள். காரணம் இதுதான். தெரிந்துகொள்ள முடியும், போக முடியாது. அந்தத் தந்தியும் இன்று இல்லை. இந்தியா 2013 ஜூலையில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டது.

ஆகாய வழி

பாயான் லெப்பாஸில் விமானத் திடல் திறந்தது 1935-இல். அடுத்த ஆண்டே இம்பீரியல் ஏர்வேஸ் பினாங்கிலிருந்து ஹாங்காங்கிற்குக் கிளைச் சேவை தொடங்கியது. லண்டனிலிருந்து வந்த அந்த வான்வழி கராச்சி, கல்கத்தா, ரங்கூன் என்று வடக்கே சுற்றிக்கொண்டு வந்தது. சென்னைக்காரருக்கும் நமக்கும் அதனால் பெரிய லாபம் இல்லை. தபாலுக்கும் துரைமார்களுக்கும் ஆன வழி அது. போருக்குப் பின், 1947 மே மாதத்தில், மலாயன் ஏர்வேஸ் சிங்கப்பூரையும் கோலாலம்பூரையும் ஈப்போவையும் பினாங்கையும் இணைத்தது.

கப்பலோ தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. ரஜுலா ஓய்வு பெற்ற 1973-இல் எம்.வி. சிதம்பரம் வந்தது. பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய கப்பல் அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அதில் தீப்பிடித்தது. பல உயிர்கள் போயின. சென்னை - நாகப்பட்டினம் - பினாங்கு என்ற நெடுங்காலப் பிரயாணிக் கப்பல் வழி அதோடு முடிந்தது. அதே 1985-இல்தான் 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலம் போக்குவரத்துக்குத் திறந்தது. தீவு பெருநிலத்தோடு ஒட்டிய ஆண்டும், நாகப்பட்டினத்தோடு இருந்த கடல்வழி அறுந்த ஆண்டும் ஒன்றே. நூறாண்டுகளாக நம்மவர்க்கு வாசலாக இருந்த ஊர், அந்த வகையில் கொல்லைப்புறமாகிவிட்டது.

அதற்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போகும் வடமாநிலத்தவரில் பெரும்பாலோர் முதலில் கோலாலம்பூருக்கோ சிங்கப்பூருக்கோ போனார்கள். அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சென்னை இருப்பது வடமேற்கே. நாம் போவது தென்கிழக்கே. பினாங்கிலிருந்து கோலாலம்பூர் விமான நிலையத்துக்கு வான்வழியில் 325 கிலோமீட்டர். அங்கிருந்து சென்னைக்கு 2,630. கூட்டினால் 2,955. நேர்வழியைவிட 590 கிலோமீட்டர் கூடுதல். பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான் கூடும். ஆனால் இடையில் காத்திருக்கும் நேரமோ மூன்று மணியும் ஆகலாம், எட்டு மணியும் ஆகலாம்.

2024 டிசம்பர் 21-ஆம் நாள் இண்டிகோ நிறுவனம் சென்னைக்கும் பினாங்குக்கும் நேர் விமானச் சேவையைத் தொடங்கியது. பயண நேரம் நான்கு மணிக்குச் சற்றே குறைவு. கெடா, பினாங்கு, பேராக் வடக்குப் பகுதித் தமிழர்களுக்கு அது ஒரு விமானம் மட்டுமல்ல; பழைய வாசல் மறுபடி திறந்தது.

நான்கு மணி எப்படி வந்தது?

ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டருக்கு மேல் பறக்கிறதே, 2,365-ஐ வகுத்தால் மூன்று மணிகூட வரவில்லையே என்று கணக்குத் தெரிந்த பிள்ளைகள் கேட்கும். நல்ல கேள்வி. டிக்கெட்டில் போடும் நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு ஊரில் போய் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மெல்ல மேலே ஏறுவது, மறுபக்கம் இறங்குவது, சென்னை வானத்தில் முறை பார்த்துக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம்.

போக ஒரு நேரம், வர ஒரு நேரம் என்று பத்து இருபது நிமிஷம் மாறுவதற்குக் காற்றும் ஒரு காரணம். இங்கே ஓர் அதிசயம் கேளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கடல்மட்டத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வீசும் அதே மாதங்களில், மிக உயரத்தில் கிழக்கிலிருந்து மேற்கே ஒரு பெருங்காற்று தென்னிந்தியாவுக்கு மேல் ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோடீஸ்வரம் 1950-களில் அதை விளக்கினார். ஆகவே ஜூலை மாதத்தில் பாய்மரக் கப்பலுக்குச் சென்னையிலிருந்து பினாங்கு வருவது சுலபம். விமானத்துக்கோ பினாங்கிலிருந்து சென்னை போவது சுலபம். ஒரே கடலின் மேல் கீழே ஒரு காற்று, மேலே ஒரு காற்று!

கடிகாரத்தின் விளையாட்டு

ஊருக்குப் போனவர்கள் எல்லாரும் சொல்லும் ஒரு கதை உண்டு: "போகும்போது ஒரு மணி நேரத்தில் போய்விட்டேன். வரும்போது ஆறு மணி நேரம்!" அது கடிகாரத்தின் விளையாட்டு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. இங்கே காலை 9 மணிக்குப் புறப்பட்டு மூன்றேமுக்கால் மணி பறந்தால், நம் கைக்கடிகாரத்தில் 12.45. சென்னைக் கடிகாரத்திலோ 10.15. திரும்பும்போது அங்கே பின்னிரவு 2 மணிக்கு ஏறினால், பினாங்கில் இறங்கும்போது காலை 8.15 ஆகியிருக்கும்.

முன்பு இந்த வித்தியாசம் சரியாக இரண்டு மணிதான். தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தைச் சபா, சரவாக்கோடு ஒன்றாக்குவதற்காக அரைமணி முன்னால் தள்ளியது 1982 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் ஊருக்குப் போன பெரியவர்கள் "ரெண்டு மணி வித்தியாசம்" என்று இன்றும் சொன்னால், அவர்கள் மறதியில் சொல்லவில்லை; அன்றைய உண்மையைச் சொல்கிறார்கள்.

ஆனால் சூரியனைக் கேட்டால் வேறு விடை சொல்வான். பூமி நான்கு நிமிஷத்தில் ஒரு பாகை திரும்புகிறது. பினாங்குக்கும் சென்னைக்கும் இடையே கிழக்கு மேற்காக இருபது பாகை. ஆகவே உண்மையான வித்தியாசம் ஒரு மணி இருபது நிமிஷமே. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரம் சராசரியாகப் பகல் 1.20 காட்டும். சென்னையில் 12.10-க்கே உச்சி வந்துவிடும். ஊரில் கணித்த நல்ல நேரத்தை அப்படியே இங்கே கடிகாரத்தில் பார்க்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

வாசலிலிருந்து வாசலுக்கு

விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்குப் பிரயாணம் செய்பவர் யாரும் இல்லை. வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்குத்தான் போகிறோம். ஆகவே அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

சுங்கைப்பட்டாணியில் ஒரு குடும்பம் என்று வையுங்கள். அங்கிருந்து பாலத்தைத் தாண்டிப் பாயான் லெப்பாஸ் வர ஒன்றரை மணி. பறப்பதற்கு மூன்று மணி நேரம் முன்னதாக வந்துவிட வேண்டும். பறப்பது நான்கு மணி. சென்னையில் குடிநுழைவும் பெட்டி எடுப்பதும் ஒரு மணி. அங்கிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்து ஊருக்குக் காரிலோ ரயிலிலோ ஆறேழு மணி. மொத்தம் பதினாறு மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருப்பது கால் பங்குதான். எஞ்சிய முக்கால் பங்கும் தரையிலேயே கழிகிறது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கம் போகிறவர்கள் கோலாலம்பூரிலிருந்து நேரே திருச்சிக்குப் பறப்பதையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தத் தூரம் சுமார் 2,690 கிலோமீட்டர். வானத்தில் கூடினாலும் தரையில் குறையும். எது சுருக்கம் என்பது நம் ஊர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

எப்படியானாலும் ஒரு நாளுக்குள் முடிந்துவிடுகிறது. விடியற்காலையில் ஊரிலிருந்து கெட்ட செய்தி வந்தால், அடுத்த நாள் விடிவதற்குள் மகன் தாயின் முகம் பார்க்க முடியும். நூறு வருஷம் செய்தியின் பின்னால் ஓடி ஓடித் தோற்ற மனிதன், கடைசியில் ஓரளவு எட்டிப் பிடித்துவிட்டான். விமானம் நமக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இனி நம் கையில் இருப்பது

ஆனால் ஒன்று. அந்த மகனிடம் பாஸ்போர்ட் தயாராக இருக்க வேண்டும். காலாவதி ஆகியிருந்தால் நான்கு மணி நேரப் பிரயாணம் பல நாள் ஆகிவிடும். இந்தியாவுக்கு விசாவும் வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கலாம், ஆனாலும் அனுமதி வர அவகாசம் வேண்டும். அங்கிருந்து இங்கே வருவது இப்போது எளிது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் வர மலேசியா வழி செய்தது. ஊரில் வயதான உறவினர் இருக்கும் வீடுகளில், ஆளுக்கொரு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விமான நேரங்களும் சேவைகளும் அடிக்கடி மாறும்; புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். முதலில் சொன்ன பாட்டியை மறந்துவிடாதீர்கள். அவர் தந்தையின் ஊர் எது? எந்தத் தாலுக்கா? எந்தக் கோயில் குலதெய்வம்? அங்கே யார் பெயரைச் சொன்னால் அடையாளம் தெரியும்? பல வீடுகளில் இதற்கு விடை தெரிந்தவர் ஒருவரே மிஞ்சியிருக்கிறார். தோட்டங்கள் துண்டுபோடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணத்துக்கு மாறியபோது, தகரப் பெட்டியில் இருந்த பழைய கடிதங்களும் எங்கேயோ போய்விட்டன. முகவரி தொலைந்துவிட்டால் எந்த விமானமும் நம்மை அங்கே கொண்டு சேர்க்காது.

ஆகவே இந்த வார விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். பெரியவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். ஊர்ப் பெயரையும் உறவுப் பெயர்களையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். கப்பலின் பெயர் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். கடலுக்கு மேலே உள்ள 2,365 கிலோமீட்டரை விமானிகள் பார்த்துக்கொள்வார்கள். அந்த ஒரு பக்கத்தை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.